கட்டிலுக்குக் கீழே கார்க் கைப்பிடி

என் நாட்குறிப்பில் ‘1927 ஐப்பசி, வியாழன், கட்டுகஸ்தோட்டை பஸ்’ என்று இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த வாடகைக் கார்க்காரர் துணியில் சுற்றிய இரும்பொன்றை மடியில் வைத்திருந்தார். தவணை தவறியதால் கம்பெனி அவருடைய காரைக் கட்டியிழுத்துப் போய்விட்டதாம். எஞ்சினைச் சுழற்றி முடுக்கும் கைப்பிடியை மட்டும் அவர் ஒளித்துவிட்டார்.

“இது இல்லாம அவங்களுக்கு ஸ்டார்ட் பண்ண ஏலா, நானா. அதுக்குள்ள மீட்டுக்கலாம் எண்டு நெனச்சன்.”

“அப்ப ஏன் இப்ப குடுக்கப் போற?” என்றார், அவர் ‘நானா’ என்று அண்ணன் முறையில் அழைத்த பக்கத்திலிருந்தவர்.

“ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழ எழும்பித் தொட்டா சுடுது. கட்டிலுக்குக் கீழதான் ஈக்கிது. பொஞ்சாதி புள்ளையத் தூக்கிட்டு அவட உம்மா வீட்ட போய்ட்டா. இது ஈக்கிற வரைக்கும் வரமாட்டாவாம்.”

“அடுப்படியில வெச்சிட்டு மறந்திருப்ப.”

“தொட்டுப் பாருங்களே.”

நானா துணிக்குள் கைவிட்டார். உடனே எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“குடுத்துரு,” என்றார்.

“குடுத்தா காரை வித்துருவாங்க.”

“குடுத்துரு தம்பி.”

கண்டியில் இறங்கி அவர் கம்பெனிப் பக்கம் நடந்தார். கைப்பிடி அவரிடம் இருந்த அந்த வாரம் முழுவதும் கார் கம்பெனிக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது என்று காவற்காரர் சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். விடியற்காலையில் அதன் எஞ்சினும் சுட்டதா என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்பது இன்னும் உறுதியாகவில்லை.