யேசுராசா வாங்கிய துப்பாக்கி

ஜூன் மாதம், பூமியின் தெற்குக் கோடியிலுள்ள இந்த நாட்டில் குளிர்காலம். மாலை ஆறு மணிதான்... ஆனால் கும்மிருட்டு. மாசி என்ற புறநகரிலுள்ள வீட்டுக்குப் போகிற ரோட்டில் யேசுராசாவின் காரைத் தவிர வேறு வெளிச்சமே இல்லை. நம்ம சிநேகிதன் றொய்ஸ்டனின் சித்தப்பாதான் அவர். தொண்ணூற்று நாலாம் வருடம். மனைவி டோறின் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தாள். இங்கே இவர் தனி ஆள்.

பின்சீட்டில், கம்பளியில் சுற்றிய ஒரு பழைய பம்ப் துப்பாக்கி, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் வாங்கியது. புருஷன் வாத்து வேட்டைக்குப் போனாராம். படகு கவிழ்ந்துவிட்டது. துப்பாக்கி மட்டும் கரைச் சேற்றில் கிடைத்ததாம். நாயும் கூடப் போய்விட்டது என்றாள்.

பழைய இயந்திரம் என்றால் யேசுராசாவுக்கு உயிர். சமையலறை மேசையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். தேன் நிற வால்நட் கட்டை. முன்பிடியின் வரிகள் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. யாரோ ஒருவரின் இடது கை, ஐம்பது அறுபது வருடமாய்ப் பிடித்த இடம். தன் கையை அங்கே வைத்தார். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, முன்பிடியை இழுத்துத் தள்ளினார்.

சறக்... சடக்.

என்ன சுத்தமான சத்தம்! இன்னொரு தடவை. சறக்... சடக்.

மேசைக்கு அடியில்... டொப். டொப். டொப்.

பலகைத் தரையில் நாய் வாலை அடிக்கிற சத்தம். குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நனைந்த நாய் மயிரின் வாடை மட்டும்.

பயந்தார்தான். ஆனால் மறுநாள் வேலையால் வந்து, தனியே சாப்பிட்டு, ஒற்றைக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு... அவரே போய்த் துப்பாக்கியை எடுத்தார். சறக்... சடக். டொப் டொப் டொப். அந்த வீட்டில் அவரைக் கண்டு சந்தோஷப்பட ஒன்றாவது இருந்தது.

அந்தக் கிழமை டோறின் போனில் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நாய் வாங்கினனீங்களோ? மூச்சு வாங்கிறது கேக்குது."

யேசுராசா மேசைக்கு அடியில் திரும்பிப் பார்த்தார். "ஓம்," என்றார்.

ஞாயிறு இரவு, வெளியே யாரோ விசிலடித்தார்கள். நீளமாய், ஒரு தடவை. மேசைக்கு அடியிலிருந்து நகங்கள் தரையில் கிறீச்சிட்டு ஓடின. பின்கதவைப் பிறாண்டுகிற சத்தம்.

"போகாதை ராசா..." என்றார் யேசுராசா.

பிறாண்டல் நிற்கவில்லை. ஊளை வேறு. தாங்க முடியாமல் கதவைத் திறந்தார். ஈர மயிர் காலில் உரசிக்கொண்டு போனது. கூடவே, தோளை இடித்துக்கொண்டு ஏதோ உள்ளே வந்தது... சேற்று நாற்றம். கதவைச் சாத்தினார்.

மறுபடியும் விசில்.

இந்த முறை, அவருடைய படுக்கையறையிலிருந்து.

பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடியவர்தான். வெறுங்காலோடு காரோட்டி லின்ஃபீல்டுக்கு, றொய்ஸ்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

விடிந்ததும் றொய்ஸ்டன் தனியாகப் போய்ப் பார்த்தான். யேசுராசா திறந்து போட்டுவிட்டு வந்த பின்கதவு, இப்போது உள்ளே தாழ் போட்டிருந்தது. சித்தப்பாவின் சாவியால் முன்கதவைத் திறந்து போனான். படுக்கையில், ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். கால்மாட்டில், சுருண்டு கிடந்த அளவில் இன்னொரு ஈரம்.

தொட்டுப் பார்த்தான்.

இரண்டும்... சூடாக இருந்தன.