விளக்குக்கு முன்னால் குரல்

படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசை இழுப்பறை துப்பாக்கி வைக்கிற இடமல்ல. அது மூக்குக் கண்ணாடிக்கும் இருமல் மாத்திரைக்கும் உண்டான இடம். மொன்டானாவின் இந்த மூலையில் துப்பாக்கிக் கடை நடத்தும் நான், கடைக்குள் கால் வைக்கிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பூட்டினால் சரி.

ஊர்ப் போலீஸ் அதிகாரியான நீங்களும் என் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்தான், ரீட்டர். தேவாலயக் கூடத்தில், உங்கள் மனைவியோடு. அவள் இருப்பதிலேயே பெரிய கைத்துப்பாக்கியைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். "இதுல சுட்டா திருடன் ஓடுறதுக்கு முன்னாடி நீ மல்லாக்க விழுந்துருவேடி" என்றேன். கூடமே சிரித்தது. பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சொல்லவைத்தேன்: துப்பாக்கிக்கு முன்னால் விளக்கு, விளக்குக்கு முன்னால் குரல். இருட்டில் யாராவது உள்ளே வந்தால் முதலில் "யாரது?" என்று கேட்க வேண்டும். அப்புறம் கைவிளக்கை அடித்து முகத்தைப் பார்க்க வேண்டும். பாதி நேரம் வருவது நம் வீட்டு ஆளாகத்தான் இருக்கும். கடைச் சுவரிலும் இதை எழுதி மாட்டியிருக்கிறேன்.

ட்வைட் ஹார்கின்ஸுக்கு அதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த நவம்பரில் அவன் வீட்டில் நடந்ததை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ட்வைட்டும் நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள், நடுவில் ஒரு வைக்கோல் வயல். அவன் மகன் வெஸ்லியும் என் மகன் காலெபும் அந்த வயல் வழியாகவே வளர்ந்தார்கள். இருவருக்கும் ஒன்பது வயதானபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ட்வைட்டின் படுக்கையறையில் அவனுடைய கைத்துப்பாக்கியை எடுத்து விளையாடினார்கள். வெஸ்லியின் கையில் இருந்தபோது அது வெடித்தது. காலெபின் உயிர் அங்கேயே போய்விட்டது.

அந்தத் துப்பாக்கியைப் பூட்டி வைக்க ட்வைட்டிடம் பெட்டி இல்லாமல் இல்லை. என் கடையிலிருந்தே ஒன்று வாங்கிப் போயிருந்தான். விசாரணையில் கேட்டதற்கு, தலையைக் குனிந்தபடி, "இழுப்பறையில வெச்சிருந்தேன். பூட்டல" என்றான். அதிலிருந்து ஒரு வார்த்தை கூடவோ குறையவோ அவன் வாயிலிருந்து வரவில்லை. விபத்து என்றார்கள், வழக்கு இல்லை என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சமைத்த சாப்பாடும் ஆப்பிள் பலகாரமும் கொண்டுவந்து என் சமையலறையை நிறைத்தார்கள். நான் சாப்பிடவும் செய்தேன்.

அதற்கப்புறம் ட்வைட் வீட்டில் ஒரு துப்பாக்கியும் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு குளிர்காலமும் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் வந்து என் வாசல் பனியை வாரிவிட்டுப் போவான். பனியை வாரினால் மகன் வந்துவிடுவானா? அந்த மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது எனக்கு வந்தது வெறுப்புதான். அதை மறைக்க வேண்டிய வயது எனக்கு இப்போது இல்லை.

வெஸ்லி மீது எனக்குக் கோபமே கிடையாது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை என்ன செய்யும்? என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். காலெபின் பிறந்தநாளுக்கு எங்கிருந்தாலும் கூப்பிட்டுப் பேசுவான். பட்டாளத்தில் சேர்ந்து ஜெர்மனிக்குப் போனபோது, அவன் அப்பாவுக்கு முன்னால் என்னைத்தான் கட்டிக்கொண்டான்.

இந்த ஆகஸ்டில் அங்கிருந்து கூப்பிட்டான்.

"அத்தை, நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கு லீவு கிடைச்சிருக்கு. அப்பாகிட்ட மூச்சு விட்டுராதீங்க. திடீர்னு போய் நிக்கப் போறேன்."

"உங்கப்பனுக்கு நெஞ்சு நின்னுரும்டா" என்றேன்.

"நிக்காது. அழுவாரு. அதைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டணும். நீங்கதான் பில்லிங்ஸ் விமான நிலையத்துக்கு வண்டி கொண்டாரணும்."

நம் ஊரில் இது ஒரு பைத்தியம். பட்டாளத்துப் பிள்ளைகள் சொல்லாமல் வந்து, பள்ளிக்கூட மைதானத்திலும் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து, பெற்றவர்களை அழவைப்பது. நானும் பார்த்துக் கண் துடைத்திருக்கிறேன். போனை வைத்த பிறகு காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது செய்ய வேண்டியது எல்லாம் தெரிந்திருந்தது.

துப்பாக்கி வேண்டாம் என்று சபதம் எடுத்தவனுக்குத் துப்பாக்கி விற்க வேண்டும் என்றால், முதலில் அவனுக்குப் பயத்தை விற்க வேண்டும். செப்டம்பரில் அவன் மாட்டுத் தொழுவத்தின் கதவைத் திறந்து விட்டேன். இன்னொரு நாள் பின்வாசல் படியருகே சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டு வந்தேன். கருவிக் கொட்டகையின் பூட்டை நெம்பி வைத்தேன், எதையும் எடுக்கவில்லை. அவனுக்கு ஜூனோ என்று ஒரு கிழட்டு நாய் இருந்தது. என்னைப் பார்த்தால் குரைக்காது. ஆனால் வெஸ்லியை அவன் படியேறும் முன்பே மோப்பம் பிடித்து வாலாட்டிக் கொண்டாடிவிடும். அதனால் நாய் இருக்க முடியாமல் போனது. வலி தெரியாமல்தான் பார்த்துக்கொண்டேன்.

நாயைப் புதைத்த மறுநாள் ட்வைட் கடைக்கு வந்தான். சுவரில் நான் எழுதி மாட்டியிருந்ததைப் பார்க்காமல், தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"லியோனா, உன்கிட்ட இதைக் கேக்க எனக்கு வாயில்ல."

"கேளு."

"வீட்டுப் பக்கம் எவனோ திரியறான். போலீஸ் வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆவுது. தனியா இருக்கேன்."

"எதைத் தொடமாட்டேன்னு சொன்னியோ அதைக் கேக்குற. அப்படித்தானே?"

அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நீ வேண்டாம்னு சொன்னா திரும்பிப் போயிடுறேன்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுங்குகிற கைக்குக் கைத்துப்பாக்கி ஆகாது, நீளத் துப்பாக்கிதான் சரி என்று எடுத்துக் கொடுத்தேன். பூட்டாமல் வைக்கமாட்டேன் என்று அவனாகவே சொன்னான். சுவரில் திருகி மாட்டும் எண் பூட்டு அலமாரி, எடையுள்ளது, நல்ல சாமான். நானே போய் அவன் கூடத்தில், சாய்வு நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் மாட்டினேன். பூட்டுக்கு என்ன எண் வைக்கலாம் என்றேன். வெஸ்லியின் பிறந்தநாளை வைத்தான்.

வகுப்புக்கு வரக் கூச்சப்பட்டான். காலெபின் அம்மா சொல்லிக்கொடுக்க, ஊரார் நடுவில் அவன் எப்படி உட்காருவான்? அதனால் அவன் சமையலறை மேசையிலேயே சொல்லிக் கொடுத்தேன். குண்டு போடுவது, எடுப்பது, தோளில் பதிப்பது, திறந்து பூட்டுவது, எல்லாம் ஒழுங்காக.

"உள்ள வந்தவன்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று ஒருமுறை கேட்டான்.

"சொன்னா நீ எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும்" என்றேன். "விளக்கும் போடாத. உன் வீடு, உனக்கு இருட்டுல வழி தெரியும். அவனுக்குத் தெரியாது."

நல்ல மாணவன் மாதிரித் தலையாட்டினான். அப்புறம் எனக்குப் பன்றி வறுவல் வைத்துக் கொடுத்தான்.

விருந்துக்கு முந்தின நாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். உன் தொழுவத்துப் பக்கம் ஒருத்தனைப் பார்த்தேன், பழுப்பு நிறக் கோட்டு, தலையை மூடியிருந்தான், முகம் தெரியவில்லை என்றேன். அவன் முகம் வெளுத்தது. பிறகு பில்லிங்ஸுக்கு வண்டி ஓட்டினேன்.

வெஸ்லி மெல்லிய சட்டையில் வந்தான், துணிமணியெல்லாம் அடுத்த விமானத்தில் வருகிறதாம். வளர்ந்து ஆளாகியிருந்தான். வழியெல்லாம் பேசினான். நம் ஊர்த் திருப்பத்துக்கு முன்னால், தானியக் கிடங்குகள் தெரிகிற இடத்தில், என் பக்கம் திரும்பினான்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா எனக்குத் தாங்கல."

"சொல்லு."

"அன்னிக்குத் துப்பாக்கி இழுப்பறையில இல்ல. பெட்டியில பூட்டித்தான் இருந்துச்சு. உங்க கடைப் பெட்டி. காலெப்தான், கீழ போட்டா திறந்துக்கும்னு போட்டுக் காட்டினான். கடையில ஒருதடவை கைதவறிப் போட்டப்ப திறந்துச்சாம். உங்ககிட்ட சொன்னானாம், சாமானைக் கீழ போடுறியான்னு நீங்க திட்டினீங்களாம்."

நான் பாதையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அப்பா அந்தப் பெட்டியை ஆத்துல போட்டுட்டாரு. பூட்டலன்னு அவரே சொல்லிட்டாரு. லியோனா என்னை வெறுத்துக்கிட்டு உயிரோட இருப்பா, தன்னையே வெறுத்தா இருக்கமாட்டான்னு சொன்னாரு."

பிள்ளைகள் ஆறுதலுக்காக எதையாவது சொல்வார்கள். ஒன்பது வயதில் பார்த்தது எவ்வளவு நினைவிருக்கும்? காலெப் என்னிடம் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கடையில் நாளெல்லாம் ஆள் வருகிறார்கள், குழந்தை சொல்வதையெல்லாம் யார் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

ட்வைட் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தியபோது இருட்டிவிட்டது. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டுதானே. சன்னலில் விளக்கு இல்லை, சொன்னபடி கேட்கிறவன். பின் இருக்கையிலிருந்து கோட்டை எடுத்து வெஸ்லியிடம் கொடுத்தேன்.

"போட்டுக்கோ. தலையையும் மூடு, குளிரு."

"நீங்கதான் எனக்கு அம்மா" என்றான். பழுப்பு நிறம் அவனுக்கு நன்றாகவே இருந்தது.

"பின்வாசல் வழியாப் போ, சாவி உன்கிட்ட இருக்குல்ல. சத்தம் போடாத, அப்பதான் ஆச்சரியமா இருக்கும்."

செல்போனைப் படம் எடுக்கத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி போனான். நான் வண்டியின் சூட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. மற்றது கேட்டது.

உள்ளே போனபோது ட்வைட் தரையில் இருந்தான், மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். காத்திருந்த நேரத்தில் கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து, குண்டுகளை வெளியே எடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பழக்கம்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள், ரீட்டர். என் தோளில் கை வைத்து, "பாவம் லியோனா, ரெண்டாவது தடவை" என்றீர்கள். ஒரு வாரத்தில் விபத்து என்று முடித்தீர்கள். ட்வைட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரியுது" என்றான். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் அதை விதி என்று நினைக்கிறான். தன் கை செய்தது என்று மட்டும் நினைக்கிறான். விபத்து என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருடம் படுத்தேன். அவன் ஒரு நாள்கூட அதை வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. ஆகவே இதை அவனுக்கு முழுசாகப் படித்துக் காட்டுங்கள். நாய், கோட்டு, விளக்கு, எல்லாம். வேறு எதுவும் நான் கேட்கவில்லை, வக்கீலும் வேண்டாம்.

பெட்டியைப் பற்றி வெஸ்லி சொன்ன பகுதியை மட்டும் விட்டுவிடலாம். விசாரணைக்கு அது தேவையில்லாதது.

அதே பெட்டி இன்னும் என் கடையில் இரண்டாவது தட்டில் விற்பனைக்கு இருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து, பூட்டி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பத்திரமாகத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நல்ல பெட்டி அது, கீழே போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.