நம்பகத்தன்மைக்கு ஒரே ஒரு மார்க்கு

இல்லம்மா, காபியெல்லாம் வேணாம், தண்ணி போதும். காலையில பூசை முடிஞ்ச கையோட மாயவரத்துல பஸ் ஏறிட்டேன். நீங்கதானே தொடர்கதைப் போட்டிக்குப் பொறுப்பாளர், அம்ருதா? போட்டோவுல பெரியவங்களா தெரிஞ்சீங்க. நான் பாத்திமா மேரி. ஆமாம்மா, உங்க ஆப்புல வர்ற எல்லாக் கதைக்கும் கீழ அருமை மகளே, ஆண்டவர் ஆசீர்வதிப்பார்னு போடுறது நானேதான். பேய்க் கதைக்கும் போட்டேன், அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல.

அப்படி எழுதி எழுதித்தானே நடுவரானேன். கருத்து அதிகமா போடுற வாசகிங்க இருபது பேரு, ஆளுக்கு அஞ்சு கதை, எழுதினவங்க பேரை எடுத்துட்டு வெறும் நம்பரு. நான் எட்டாங்கிளாஸ்மா. எம் மவன் கிளமென்ட் கேலி பண்றான், அம்மா ஜட்ஜம்மா ஆயாச்சு, இனிமே சாம்பாருக்கும் வாய்தாதான்னு.

எனக்குப் பத்துக்கு எட்டு மார்க்குக்குக் கீழ போடக் கை வராது. ஒரு கதையில பாதி வரைக்கும் கதாநாயகிக்கு ஒரு பேரு, அப்புறம் வேற பேரு. அதுக்கும் எட்டுதான். பாவம், பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு எழுதியிருக்கும்.

ம். அதாம்மா, அதுக்குத்தான் வந்தேன். நாப்பத்தோராம் நம்பரு. அதுக்கு மட்டும் நம்பகத்தன்மைங்கிற கட்டத்துல ஒண்ணு போட்டுட்டேன். பெத்த தாய் எவளும் இப்படிச் செய்ய மாட்டான்னு குறிப்பும் எழுதிட்டேன். நாளைக்கு எல்லாக் குறிப்பையும் எழுதினவங்களுக்கே அனுப்பிருவீங்களாமே. அந்தப் பொண்ணு கண்ணுல அது படவே கூடாதும்மா. எடுத்துருங்க.

விதி தெரியும். ஒரு தடவ அனுப்பிட்டா மாத்தக்கூடாது. நீங்க படிச்சீங்களா அந்தக் கதையை? பதினொண்ணாம் அத்தியாயம்? அடைமழை, நட்ட வயல் பூரா தண்ணி நிக்குது. புருஷன் அடிச்சு, கையில ஒரு பையோட பொண்ணு தாய் வீட்டுக்கு வந்து நிக்கிறா. அந்தம்மா துண்டெடுத்துத் தலையைத் துவட்டுறா. சோறு போடுறா. கெண்டை மீன்ல ஒவ்வொரு முள்ளா எடுத்து இலை ஓரத்துல வைக்கிறா. அப்புறம் பங்குக் கோயில்ல நாலு பேரு என்ன பேசுவாங்கன்னுட்டு, நெத்தியில சிலுவை போட்டு, ரெண்டேகால் பஸ்ஸுல ஏத்தி விட்டுர்றா. இந்தப் பொண்ணை மன்னார்குடியில பத்திரமா எறக்கி விட்ருங்கன்னு கண்டக்டர்கிட்ட சொல்றா. பத்திரமான்னு சொல்றாம்மா. அவன்கிட்டயே அனுப்பிட்டு.

மத்தவங்க எல்லாம் பத்து போட்டாங்களா? என்னோட ஒண்ணாலதான் ரெண்டாமிடத்துக்கு எறங்குச்சா? மாதாவே.

கை தவறி அழுத்திட்டேன்னு பொய் சொல்ல மாட்டேம்மா. கோயில்ல போய் செஞ்ச பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம்கூடப் பண்ணிட்டேன். பங்குச் சாமியாருக்கு ஆப்புன்னா என்னன்னு வெளக்கவே கால் மணி நேரம் ஆச்சு. மூணு தடவ அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாரு. முப்பது தடவ சொன்னேன். மார்க்கு அப்படியேதானே இருக்கு?

காரணம் இல்லாம ரத்து பண்ண முடியாதா? சரி, அந்த ஃபாரத்துல என்னென்ன காரணம் போட்டிருக்கு, வாசிங்க. கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டேன். ம்... அது இல்ல. உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, அதுவும் இல்ல. கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க. எழுதினவங்க நடுவருக்கு உறவா இருந்தா மார்க்கும் குறிப்பும் ரத்துன்னா போட்டிருக்கு?

அதையே போடுங்க.

லின்சி. உங்ககிட்ட வேற பேரு குடுத்திருப்பா. ஓசூர்ல தனியா இருக்கா, ஏதோ கம்பெனியில வேலை. மூணு வருஷமா எம் போனை எடுக்குறதில்ல. கதை எழுதுறாங்கிறதே அந்தப் பதினொண்ணாம் அத்தியாயத்தப் படிச்சப்பதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சப்புறந்தாம்மா அந்தக் குறிப்பை எழுதினேன். முதல் பரிசு வாங்கிட்டா ஊரே படிச்சிருமேன்னு பயம்.

உறவுமுறையா? அம்மான்னு எழுதுங்க.

இங்கயா கையெழுத்து? இருங்கம்மா, பேனா எழுத மாட்டேங்குது. ஆங், இப்ப எழுதுது. இன்னொண்ணும்மா. அந்தத் துண்டு, சிலுவை, பஸ்ஸு, கண்டக்டரு எல்லாம் அவ எழுதின மாதிரியேதான். மீன் முள்ளு மட்டும் நான் எடுத்து வைக்கல. அது அவளா சேத்துக்கிட்டது.