இருநூறு கேபிக்குள்

— இன்னா தம்பி, இந்த மிஷினுக்கு மாப்ள பாக்கறியா? சுத்திச் சுத்திப் பதினாலு போட்டோ எடுத்து வெச்சிருக்க!

— மூணு போதும்க்கா. ஒண்ணொண்ணும் இருநூறு கேபிக்குள்ள வேணும். அதுக்கு மேல இருந்தா லேபர் ஆபீஸ் சைட்டுல ஏறாது.

— ஒண்ணொண்ணும் அஞ்சு எம்பி இருக்கே. யானையைப் புட்ச்சாந்து பீரோல பூட்டச் சொல்ற. எப்ப வேணும்?

— இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. அப்புறம் சைட்டை மூடிடுவாங்க.

— இப்பவே நாலேகால். கடைசி நாள் வந்தாத்தான் எல்லாருக்கும் இந்த கிரேஸ் அக்கா நெனப்பு வரும்.

— பஜார்ல மூணு பிரவுசிங் கடை பாத்துட்டு வர்றேன். எங்கயும் கரண்ட் இல்ல, இங்கதான் இன்வெர்ட்டர் ஓடுது.

— அப்ப நாலாவது கடைதானா நானு? நல்லாருக்கு. குந்து. அந்த ஸ்டூலு ஆடும், பாத்து. இதோ, மொதோ படம் ஆச்சு. தொண்ணூறு கேபி.

— நம்பர் படிக்க முடியலக்கா.

— எந்த நம்பரு?

— மிஷின் நம்பர். பக்கத்துல மஞ்சத் தகடு இருக்கு பாருங்க. அது தெரியலன்னா இது வேற மிஷின்னு சொல்லிடுவாங்க.

— யாரு?

— கம்பெனிக்காரங்க.

— ஏம்பா, வேலையை உட்டுத் தூக்கிட்டாங்களா?

— நான் அங்க வேலை செய்யல. என் ஒய்ஃப் சோனியா. தேர்வாய் கண்டிகையில ரப்பர் கம்பெனி. இந்த ரோலர்லதான் அவளுக்கு வேலை.

— அவளையா தூக்கிட்டாங்க?

— துப்பட்டா மாட்டிக்கிச்சு. மூணு மாசம் ஆவுது.

— ஏசப்பா! மாப்ள பாக்கறியான்னு கேட்டேனே, பாவி. என் வாய்ல மண்ணப் போட. ரப்பர் கம்பெனில ஒரு பொண்ணுன்னு பேப்பர்ல வந்துச்சே, அதுவா?

— அதுதான். பேரை மட்டும் தப்பாப் போட்டாங்க.

— மன்னிச்சுக்கோப்பா. உன் பேரு இன்னா?

— ஜோஷ்வா.

— இந்தப் படமெல்லாம் யாரு எடுத்தது ஜோஷ்வா?

— அவதான். போனைச் சாப்பாட்டு டப்பாவுல வெச்சு உள்ள எடுத்துக்கினு போயிருக்கா. ரோலர் மேல மூடி இல்ல பாருங்க. வெறும் கயிறு.

— அட ஆமா, துணி காயப் போடற கயிறு! இத்தக் கட்டிட்டா வேலை பாக்கச் சொன்னானுங்க?

— புதன்கிழமை எடுத்தா. சனிக்கிழமை போயிட்டா. சனிக்கிழமை காலையில அவளே மூடியைக் கழட்டிட்டான்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. அவ தப்புன்னு.

— விட்டா அந்தக் கயிறு கூட அவ ஊட்லருந்து எடுத்தாந்ததுன்னு சொல்லுவானுங்க. அப்ப புதன்கிழமை எடுத்ததுன்னு காட்டணும். அதானே?

— அதான். வேற சாட்சி இல்ல. கூட வேலை செஞ்சவங்க யாரும் பேச மாட்டேன்றாங்க.

— ஐயோ, இரு இரு. நான் சுருக்கினதுல இன்னிக்குத் தேதி காட்டுதே! இந்த ஆன்லைன் சைட்டுங்கோ படத்தைச் சுருக்கறப்ப உள்ள இருக்கற தேதியையும் தின்னுடும். ஸ்கூல் ஃபாரத்துக்கு ஒட்டற போட்டோவுக்குத் தேதி எவன் பாத்தான்? அந்தப் பழக்கத்துலயே தட்டிட்டேன்.

— ஒரிஜினல் போயிடுச்சா?

— அதைத் தொடுவனா? உன் பென்டிரைவ்ல அப்படியே கீது. என் பழைய சாஃப்ட்வேர்ல தேதியை விட்டு வெக்கறதுக்கு ஒரு டிக் இருக்கும். அதுல மொதல்லருந்து போடறேன்... ஆங். புதன்கிழமை, காலையில பத்தே முக்கால். வந்துச்சா?

— வந்துச்சு. நம்பர்?

— அதான் பேஜாரு. முழுப் படத்தையும் இருநூறுல அடைச்சா நம்பர் நசுங்குது. வேணாததை வெட்டிட்டு மீதியைப் பெருசா வெக்கலாம். இந்த மூலையில செவப்பா இன்னாமோ மறைக்குதே, அத்த எடுத்துடவா?

— அது அவ விரல்.

— விரலா?

— அவசரத்துல லென்ஸ் மேல பட்டிருக்கு.

— சூப்பர்வைசர் பாத்துடப் போறான்னு கைய மறைச்சு எடுத்திருப்பா.

— அதை வெட்டாம முடியாதாக்கா?

— நம்பரா, விரலான்னு நீயே சொல்லு தம்பி. ரெண்டும் அதுக்குள்ள புடிக்காது. நானும் மூணு விதமாப் போட்டுப் பாத்துட்டேன்.

— வெட்டுங்க.

— நெசமாவா?

— நம்பர் தெரியணும்.

— முழுப் படம் பத்திரமா இருக்கும், கவலைப்படாத. ம்... நூத்தித் தொண்ணூத்தெட்டு. நம்பர் படிக்க முடியுதா?

— முடியுது.

— மத்த ரெண்டும் சுளுவா ஆயிடுச்சு. உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு.

— நாலு ஏழு ஒண்ணு, ஒண்ணு ஒம்போது ரெண்டு.

— ஏறிக்கினு கீது... சுத்துது, சுத்துது... ஏறிச்சு! மூணும் ஏறிடுச்சு ஜோஷ்வா. பச்சை டிக் பாரு. இனிமே மூடியைக் கழட்டினது அவதான்னு எவன் வாயத் தொறப்பான்?

— அனுப்பிட்டீங்களா?

— இன்னும் ஒரு கட்டம் பாக்கி. ஸ்டார் போட்டுக் கீறான், வெறுமனே உட முடியாது. ‘குறைபாடு தெரிந்தும் விபத்துக்கு முன்பே புகார் அளிக்காததற்குக் காரணம்.’ பயந்துக்கினு குடுக்கலன்னு போட்டுடவா? எல்லாரும் அதான் போடுவாங்க.

— அவ பயப்படல.

— அப்புறம் இன்னா?

— புதன்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததுமே இதே சைட்டுல போட்டுப் பாத்தா. போட்டோ பெருசா இருக்குன்னு ஏத்துக்கல.

— சைஸுக்காகவா! அடக் கடவுளே, ரெண்டு நிமிச வேலை தம்பி. இது தெரிஞ்சவங்க அவளுக்குன்னு ஒருத்தர் கூடவா இல்ல?

— நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்க்கா.

— இரு, அந்தக் கட்டத்தைத் தொறக்கறேன்.

— மணி இன்னாக்கா?

— நாலு அம்பத்தாறு. தம்பி, நான் சொல்றதைக் கேளு. பயம்னே அடிச்சுடறேன். யாரு வந்து கேக்கப் போறாங்க?

— வேணாம். நான் சொல்றேன், அப்படியே அடிங்க. ‘படங்களைச் சிறிதாக்கித் தரும்படி கணவரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை செய்து தருவதாகக் கணவர் சொன்னார்.’