குடிக்கிற காட்சி

அழாதடி எபேலே, பிளேடு கை தவறிடும். மழிக்கத்தானே உன்னை அனுப்புனாங்க, மழி. புருஷன் செத்தா பொண்டாட்டிக்குத் தலை மழிக்கறது நம்ம வழக்கம், அதுல எனக்கு வருத்தமில்ல. சாயந்திரம் முற்றத்துல ஒரு கிண்ணத்த நீட்டப் போறாங்களே, அவரு பொணத்தக் கழுவின தண்ணி... அதக் கூட விடு. என் பொண்ணு ஒலன்மாவ எந்த ரூம்ல வெச்சிருக்காங்க? கோழிக்கூட்டுப் பக்கமா? சாப்பிட்டாளா?

என்னது, கிண்ணமும் நம்ம வழக்கமா? யாரு சொன்னா, ஒபியோராவா? உன் புருஷனுக்கு அண்ணன்னா எல்லாம் தெரிஞ்சுடுமா? நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்போ மூக்கு ஒழுக நின்ன பய அவன். நம்ம மாமியா குடிச்சாங்களா? யாராவது குடிச்சதா கேள்விப்பட்டிருக்கியா? அந்தக் கிண்ணம் நான் நடிச்ச படத்துல வந்ததுடி. அசாபால ஒரு ஓட்டல் கொல்லைல எடுத்தோம். எங்கயோ வேற ஊருல நடக்கும்னு டைரக்டர் கேட்டுட்டு வந்து எழுதினான். புருஷன விஷம் வெச்சுக் கொன்ன சூனியக்காரி நான். குடிச்சேன், வயிறு வீங்கிச்சு, செத்தேன். ஒனிச்சா சந்தைல டிஸ்க் அடிச்சு மாளல. இப்போ பங்காளிங்க கூடி உக்காந்து, பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்ங்கறாங்க. அந்தப் பாட்டனுங்க எல்லாம் படம் வந்தப்புறம்தான் பொறந்தாங்க போல.

பாத்தியா, சிரிச்சுட்ட.

நீயும் பாத்தியாக்கும்? யாருடி பாக்கல! மீன்காரி எனக்கு மீன் தர மாட்டா, நான் தொட்ட காசு ஆகாதாம். அவ கடை டிவில ஓடறது என் படம். லாகோஸ்ல பெரிய வீட்டு அம்மாங்க, அய்ய, வேலைக்காரங்க பாக்கற மந்திரப் படம்னு மூஞ்சியச் சுளிப்பாங்க. லண்டனுக்குப் போறப்போ பெட்டிக்குள்ள துணிமணிக்கு அடியில அதுதான் இருக்கும். ஆனா ஒருத்தரும் படம்னு பாக்கலடி. சாட்சின்னு பாத்திருக்காங்க.

என் புருஷன் அனேனே ஒருத்தர்தான், படத்துல நான் சாகறதப் பாத்துட்டு, வயித்துல தலகாணி கோணியிருக்குடின்னு சிரிச்சவரு. சக்கரை வியாதில கால் அழுகிப் போன மனுஷன். அவர நான் சூனியம் வெச்சுத் தின்னுட்டேனாம், அது நெசம்னா அந்தத் தண்ணி என்னைக் கொல்லுமாம்.

போலீஸா? வந்தான். என்கூட நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போயிட்டான்.

காதுகிட்ட பிளேட மெதுவா இழு. ம்.

படத்துல சாகறப்போ மக வாயில ஊதி சூனியத்தக் கைமாத்திட்டுப் போவேன், ஞாபகம் இருக்கா? அதையும் நம்பிட்டாங்க. அதான் விடிஞ்சதும் ஒலன்மாவ ஜெபக் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சங்கிலி போட்டு, பட்டினி போட்டு, பேய் ஓட்டுவாங்களாம். போன வருஷம் அங்க போன தையக்காரன் பொண்ணு பொட்டியிலதான் வந்துச்சு. நீயும்தானே கூட நின்னு மண்ணு போட்ட?

முடிஞ்சுதா? நல்லா மழிச்சிருக்க. இப்போ கண்ணத் தொடச்சுட்டுக் கேளு.

சாயந்திரம் ஊரே முற்றத்துல நிக்கும், போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஒலன்மா ரூம் வாசல்ல காவல் இருக்கானே, அவனும் வந்துடுவான். என் சாவுக் காட்சிய இதுவரைக்கும் ஒரு பயலும் பாதில விட்டுட்டு எழுந்து போனதில்ல. பின்கதவுச் சாவி உங்கிட்டதானே? கூட்டம் சத்தம் போட்டதும் அவளக் கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி விடு. பாலம் தாண்டினா என் மேக்கப்காரி நிப்பா, அவ பாத்துப்பா. நீ திரும்பி வந்து கூட்டத்தோட நின்னுக்கோ, உன்மேல பழி வரக்கூடாது. பஸ் போற சத்தம் என் காதுல விழற வரைக்கும் நான் உருண்டுகிட்டிருப்பேன்.

நிஜமாவே குடிக்கப் போறியான்னா கேக்கற?

குடிச்சாத்தாண்டி கூட்டம் நிக்கும்.