முன்னுக்குச் சைவம், பக்கத்தில ஆனா

நடுக்கதிரையில நாயகமா வீற்றிருக்கிற தலைவர் சிவபாதசுந்தரம் ஐயா அவர்களே! முன்வரிசையில விசிறி வீசுற பெரியோர்களே! பிள்ளையை மடியிலயும் கண்ணை வடைத் தட்டிலயும் வைச்சிருக்கிற தாய்மாரே! இந்தக் கொட்டாஞ்சேனைக் கிளையைத் திறந்த கனகேஸ்வரி அக்கா! போர்ட் அடிச்ச ஷரீப் நானா! பேலியகொடையில நண்டு விக்கிற நமசிவாயத்தின்ர வணக்கம். ஓம், பேர் நமசிவாயம், விக்கிறது நண்டு. சிரியுங்கோ, சிரியுங்கோ.

நான் படிச்சவனில்லை. ‘அ’ இருக்கெல்லோ, அந்த ஆனாவை எழுதின கையோட பள்ளிக்கூடத்தால வெளியில வந்தனான். ஆனா, அந்த ஆனாவைப் பற்றி எந்தப் பண்டிதரோடயும் கதைப்பன்!

வெள்ளவத்தையில, காலி வீதியும் ஒழுங்கையும் முட்டுற மூலையில அக்கா முதல் கடை போட்டவ. காப்பு, சங்கிலி எல்லாம் வித்துப் போட்ட கடை. அது படுத்தா அவவும் படுத்தா. நண்டு என்னட்ட வாங்கினது, பிறகு கணவாய், ஆட்டிறைச்சி! போர்டில ‘அசைவ உணவகம்’, கடைசியில ஒரு சிவத்த நண்டுப் படம்.

ஷரீப் நானான்ர தகடு சும்மா தகடோ? முன்னுக்கொரு அலுமினியத் தோல், பின்னுக்கொரு அலுமினியத் தோல், நடுவில பிளாஸ்டிக். பின்பக்கம் மெசினால வாய்க்கால் வெட்டுவார். முன்தோல் மட்டும் மிஞ்சும். பிறகு கையாலயே மடிக்கலாம், கேக் பெட்டி மாதிரி. கேக் எண்டோண்ணதான் ஞாபகம் வருது, போன நத்தாருக்குப் பக்கத்து வீட்டு டோரின் அன்ரி ஒரு கேக் தந்தவ... சரி சரி, கத்தாதேங்கோ, கேக்கை விடுறன்.

மடிக்கிற கரைக்கு இடம் விட்டெல்லோ எழுத்து ஒட்டவேணும்? நானா விட்டாரோ? விடேல்லை! தகடு முழுக்க ஒட்டிப்போட்டு மடிச்சார். ஆனா இடப்பக்கம் மடிஞ்சு ஒழுங்கையைப் பார்க்குது. நண்டு வலப்பக்கம் மடிஞ்சு பக்கத்து மருந்துக்கடையை எட்டிப் பார்க்குது. முன்னுக்கு என்ன மிஞ்சினது? உரக்கச் சொல்லுங்கோ! ஓம், ‘சைவ உணவகம்’!

திறப்பு விழா எண்டைக்கு? வெள்ளிக்கிழமை!

“நானா, என்ர கடைக்குத் தீட்சை குடுத்திட்டீங்களே!”

“போர்ட் வடிவாத்தானே ஈக்குது, தங்கச்சி?”

“ஆனா எங்க?”

“அங்கால ஈக்குது. கொஞ்சம் எட்டிப் பாருங்க.”

“வாற சனமெல்லாம் எட்டிப் பாக்குமோ? விரிச்சுப்போட்டுத் திருப்பி மடியுங்கோ!”

“விரிச்சா தோல் வெடிச்சுப் போகும்.”

அதுக்குள்ள கோயில் சனம் வந்து குந்தீட்டுது. நெத்தி நிறைய வீபூதி! “பிள்ளை, ரெண்டு நெய்த்தோசை!” இறைச்சி தேடி வந்தவையோ போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போகினம். அக்கா இருந்த பிட்டையும் சொதியையும் குடுத்துப்போட்டுக் குசினிக்குள்ள போய் அழுதா. சட்டியில நண்டு கொதிக்குது, சட்டிக்குப் பக்கத்தில அக்கா கொதிக்கிறா.

அப்ப ஒரு ஐயா. பிட்டுச் சாப்பிட்டு, கை கழுவி, ஒழுங்கைப் பக்கம் ஒரு நடை நடந்து, திரும்பி வாறார்.

“பிள்ளை, உங்கட சைவக்கடை நல்லம். பக்கத்தில ‘அ’ எண்டு புதுக்கடை ஒண்டு இருக்கே, அது எப்ப திறப்பினம்?”

“ஏன் ஐயா?”

“நண்டு மணக்குது. எனக்கில்லை... வீட்டுப் பூனைக்கு.”

அக்கா கண்ணைத் துடைச்சா. ஒழுங்கைப் பக்கம் சாமான் அறைக் கதவு ஒண்டு இருந்தது. அரிசி மூட்டையை இழுத்துப்போட்டு அதைத் திறந்தா! முன்வாசல் சைவம், பக்கவாசல் ஆனா! பின்னேரத்துக்குள்ள நண்டுச் சட்டி வழிச்சாச்சு. ஐயா மூண்டு தரம் வந்தவர். நல்ல பசியுள்ள பூனை.

சபையோரே! அந்த மடிப்பு பிழையோ? மனுசரில ஆர் மடியாத தகடு? முன்னுக்கு நாங்களெல்லாரும் சைவம்! வெள்ளிக்கிழமை சைவம்! சொந்தக்காரர் பார்த்தா சைவம்! ஆனா... அந்த ‘ஆனா’ எங்க இருக்கு? பக்கத்தில இருக்கு!

இந்தக் கிளைக்கு நானா சரியா அளந்து, இடம் விட்டு, ‘அசைவ’ எண்டு முன்னுக்கே வாற மாதிரி போர்ட் கொண்டுவந்தவர். அக்கா திருப்பி அனுப்பினா. “மடிப்பில ஆனா இல்லாட்டி அது என்ர போர்ட் இல்லை!” அந்தா, தொங்குது பாருங்கோ, பழைய பிழையோட, புதுப் பளபளப்பா!

பொறுமையாக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. சைவக்காரர் முன்வாசலால வாங்கோ, மற்றாக்கள் ஆனாவால வாங்கோ. தலைவர் ஐயா, உங்கட பூனைக்கும் ஒரு இலை போட்டிருக்கு. என்னம்மா? முன்வரிசையில ஐயான்ர மனிசி ஏதோ சொல்லுறா... வீட்டில பூனையே இல்லையாமே!

வணக்கம், வணக்கம், நான் இறங்கிறன்!