கை ராசி

— ஒரு எஞ்சினுக்குன்னு மனசு இருக்கு. அதைப் புரிஞ்சவன் கை பட்டா தலைமுறைக்கும் ஓடும்.

— ஏழேழு நிமிஷம்தான் ஓடுதுங்க. பாலத்துகிட்ட ஒரு தடவை நின்னுச்சு. இப்ப மருந்துக்கடை வாசல்ல.

— விஷயம் என்னன்னா, நேத்து நான் சர்வீஸ் பண்ணின வண்டி, மொதல்ல கொஞ்சம் பிகு பண்ணும்.

— மெக்கானிக் அண்ணன் பண்ணினப்போ ஒரு தடவைகூட பிகு பண்ணலையே.

— அவர் பழக்கத்துல ஸ்பேனர் பிடிக்கிற ஆளு. நான் பதினாலு வீடியோ பார்த்து, ஆன்லைன்ல பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கினவன்.

— எனக்கும் இன்னைக்குப் பரீட்சைதான். பத்து மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்க. இந்த பிரமோஷனுக்கு மூணு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். மணி ஒன்பது இருபது.

— பதறாதே. டேங்க் மூடியைத் திறந்து பார்ப்போம். இதோ, பாதி டேங்க் இருக்கு. மூடியாச்சு. இப்ப கார்புரேட்டர் திருகை இடப்பக்கமா கால் சுத்து. உதைச்சா... பார்த்தியா, கிளம்பிடுச்சு. கை ராசி.

— பாலத்துகிட்டயும் மூடியைத் திறந்து பார்த்துட்டு, வலப்பக்கமா திருகினீங்க. அப்பவும் கை ராசின்னுதான் சொன்னீங்க.

— நுணுக்கம் புரியாம பேசாதே. ஏறு.

— ஏறிட்டேன். நேராப் பார்த்து ஓட்டுங்க, பாடம் எடுக்காம.

— ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எரிபொருள் ஓட்டங்கிறது ரத்த ஓட்டம் மாதிரி. எங்கயும் தடை இருக்கக் கூடாது. அதைத்தான் நான் நேத்து முழுக்க... என்ன இது.

— நின்னுடுச்சு. அதே ஏழு நிமிஷம். உங்க வண்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுது.

— இரு, திருகை இன்னும் அரை சுத்து...

— திருகைத் தொடாதீங்க. கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. மூடியை நான் திறக்கிறேன். கேட்டுச்சா?

— புஸ்ஸுன்னு ஏதோ சத்தம்.

— மூடிட்டேன். உதைங்க.

— கிளம்பிடுச்சு. நான் எதையும் தொடவே இல்லையே.

— அதனாலதான் சொல்றேன், கோளாறு திருகுல இல்ல. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள காத்து போகணும். இல்லைன்னா அது இறங்காம நின்னுடும். காத்து போறதுக்கு மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுமேல என்னங்க ஒட்டியிருக்கீங்க?

— சர்டிபிகேட்டோட வந்த ஸ்டிக்கர்.

— 'எரிபொருள் ஓட்ட நிபுணர்'. ஓட்டையை அடைக்கிற இடத்துல சரியா ஒட்டியிருக்கீங்க. பிய்ங்க.

— கிழிஞ்சுடும். ஆளுக்கு ஒண்ணுதான் தருவாங்க.

— எனக்கும் பரீட்சை ஒண்ணுதான். பிய்ங்க.

— ...பிச்சாச்சு. பாதி கையில வந்துடுச்சு.

— மிச்சத்தை நகத்தால சுரண்டுங்க. ம், ஓட்டை தெரியுது. பின்னாடி உக்காருங்க, நான் ஓட்டுறேன்.

— அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஓட்டையைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்? அது மூணாவது வீடியோவுல வர்ற பாடம்.

— ரெண்டாவது வீடியோவுலயே நீங்க தூங்கிட்டீங்க. மிச்சத்தைப் பார்த்து உங்க பரீட்சையை நான்தான் எழுதினேன்.